கே20ஏ எஞ்சின்: காற்றை இழுக்க விடுவதா, ஊதித் திணிப்பதா?

ஹோண்டா சிவிக் டைப் ஆர் எஃப்டி2 காரில் இருக்கும் கே20ஏ எஞ்சின், தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 8,000 ஆர்பிஎம்மில் 225 குதிரைத்திறன் தரும். கொள்ளளவு 1,998 சிசி. டர்போவும் கிடையாது, சூப்பர்சார்ஜரும் கிடையாது. அதையும் வைத்துக்கொண்டு "இன்னும் கொஞ்சம் வேண்டும்" என்று ஒருநாள் தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்போது பட்டறைக்குப் போனால் இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, எஞ்சின் தானாகவே காற்றை இழுக்கும்படி விட்டு, அந்த இழுப்பை மட்டும் மேம்படுத்துவது. பட்டறை மொழியில் இது "என்ஏ". இன்னொன்று, பெல்ட்டால் சுற்றும் சூப்பர்சார்ஜரை வைத்துக் காற்றை உள்ளே திணிப்பது.

இந்தக் கட்டுரை முதன்முறையாக இந்த முடிவை எடுக்கப் போகிறவர்களுக்கானது. நான் இருப்பது கிள்ளானில், கார் ஓட்டுவது மலேசிய வெயிலில், டிராக் என்றால் எனக்கு சிப்பாங். அதனால் வெப்பத்தைப் பற்றி அதிகம் பேசுவேன். குளிர்நாட்டு வீடியோக்களைப் பார்த்து எஞ்சின் கட்டிய பலர் இங்கே அடிவாங்குவது வெப்பத்தில்தான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

எஞ்சின் என்பது காற்றைப் பம்ப் செய்யும் இயந்திரம். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம், அதை எரிக்கக் காற்று வேண்டும். 1,998 சிசி எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு காற்றை இழுக்கிறது. 8,000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 4,000 முறை. அதாவது நிமிடத்துக்குச் சுமார் 8 கன மீட்டர் காற்று. 30 டிகிரி வெயிலில் அதன் எடை 9.3 கிலோ. கிட்டத்தட்ட பத்துக் கிலோ அரிசிப் பையின் எடையளவு காற்றை ஒரே நிமிடத்தில் அந்தச் சின்ன வால்வுகள் வழியாக விழுங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

கூடுதல் சக்தி வேண்டும் என்றால் அந்த 9.3 கிலோவைக் கூட்ட வேண்டும். அதற்கு வழிகள் மூன்றுதான்: நிமிடத்துக்கு அதிகமுறை இழுக்கச் செய்யலாம், சிலிண்டரைப் பெரிதாக்கலாம், அல்லது ஒவ்வொரு இழுப்பிலும் அதிகக் காற்றை அடைக்கலாம். முதல் இரண்டும் என்ஏ பாதை, மூன்றாவது சூப்பர்சார்ஜர்.

இப்போது 300 குதிரைத்திறன் இலக்கு என்று வைத்துக்கொள்வோம். 225 குதிரைத்திறன் வரும் இடத்தில் கே20ஏ தரும் முறுக்குவிசை சுமார் 198 நியூட்டன் மீட்டர். அந்த முறுக்குவிசையை அப்படியே வைத்துக்கொண்டு 300ஐத் தொட வேண்டும் என்றால் எஞ்சினைக் கிட்டத்தட்ட 10,700 ஆர்பிஎம் வரை கொண்டுபோக வேண்டும். ஆர்பிஎம்மை 8,000லேயே நிறுத்தினால் முறுக்குவிசை 263 ஆக உயர வேண்டும். 2 லிட்டர் என்ஏ எஞ்சினால் அந்த 263ஐத் தர முடியாது. இந்த எஞ்சினின் உச்ச முறுக்குவிசையே 215தான். அதுவே லிட்டருக்கு 107 நியூட்டன் மீட்டருக்கு மேல் வருகிறது, தெருவில் ஓடும் என்ஏ எஞ்சினுக்கு அது மிக நல்ல அளவு. இதில் இன்னும் பத்து சதவீதம் பிழிந்தாலே பெரிய வேலை.

ஆகவே என்ஏ என்றால் ஆர்பிஎம்மில் சம்பாதிப்பது, சூப்பர்சார்ஜர் என்றால் முறுக்குவிசையில் சம்பாதிப்பது. இரண்டுக்கும் வாடகை உண்டு. என்ஏவின் வாடகை உதிரிபாகங்களின் தேய்மானம், சூப்பர்சார்ஜரின் வாடகை வெப்பம். எந்த வாடகையை உங்களால் மாதாமாதம் கட்ட முடியும் என்று கண்டுபிடிக்கத்தான் கீழே வரும் படிகள்.

படி 1: எஞ்சினின் உடல்நிலை

என் ஃபோர்மேன் அண்ணனிடம் முதல்முறை போனபோது நான் பட்டியலோடு போனேன். ஹெடர், கேம், த்ராட்டில் பாடி எல்லாம் எழுதி வைத்திருந்தேன். அவர் அதை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார். "தம்பி, இதெல்லாம் அப்புறம். எஞ்சின் ஆரோக்கியமா இருக்கான்னு முதல்ல பாப்போம்" என்றார். அன்று முழுவதும் கம்பிரஷன் சோதனையும் (சிலிண்டர் எவ்வளவு அழுத்தம் தருகிறது), லீக்டவுன் சோதனையும் (சிலிண்டருக்குள் காற்றை அடைத்தால் எவ்வளவு கசிகிறது) தான் செய்தோம். ஒரு பாகம்கூட வாங்கவில்லை.

அதுதான் சரியான வரிசை. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து, ஒவ்வொரு சிலிண்டராக கம்பிரஷன் எடுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதே முக்கியம். ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிடப் பத்துப் பதினைந்து சதவீதம் குறைவாகக் காட்டினால் பாகம் வாங்கும் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். லீக்டவுன் சோதனையில் காற்று எங்கே கசிகிறது என்று காதால் கேளுங்கள். எண்ணெய் ஊற்றும் மூடியருகே சத்தம் வந்தால் ரிங், சைலன்சர் குழாயில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, இன்டேக்கில் வந்தால் இன்டேக் வால்வு, ரேடியேட்டரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட்.

இங்கே கே20ஏ எஞ்சின்களில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்து வந்த ஹாஃப் கட். முன்பாதியாக வெட்டி இறக்கிய அந்தக் காரை அங்கே யார் எப்படி ஓட்டினார்கள் என்று இங்கே யாருக்கும் தெரியாது. காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது ஓரிரு நொடி செயின் பக்கம் கரகரவென்று கேட்டால் செயின் டென்ஷனரையும், கேம் கோணத்தை மாற்றும் விடிசி கியரையும் பாருங்கள். வால்வு கிளியரன்ஸும் சரிபாருங்கள். கே20ஏவில் அது திருகு வைத்துக் கையால் சரிசெய்வது, தானாகச் சரியாகாது.

படி 2: நீங்கள் உண்மையில் எங்கே ஓட்டுகிறீர்கள்?

ஒவ்வொருவரும் தன்னை டிராக் ஓட்டுநர் என்றுதான் நினைக்கிறோம். அதனால் நினைப்பை நம்பாமல் பதிவை நம்புங்கள். காரின் கணினியிலிருந்து அளவுகளைப் படிக்கும் ஓபிடி கருவி ஒன்றை மாட்டி, இரண்டு வாரம் வழக்கம்போல ஓட்டுங்கள். ஆர்பிஎம், த்ராட்டில் நிலை, உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை ஆகிய மூன்றையும் பதிவுசெய்யுங்கள். பிறகு உட்கார்ந்து பாருங்கள். த்ராட்டிலை முக்கால்வாசிக்கு மேல் மிதித்த நேரத்தில் எஞ்சின் எந்த ஆர்பிஎம்மில் இருந்தது? ஒருமுறை மிதித்தால் எத்தனை நொடி தொடர்ந்து மிதித்தீர்கள்?

என் பதிவில் தெருவில் மிதித்த நேரம் பெரும்பாலும் 3,000க்கும் 5,000க்கும் இடையில், மூன்று நான்கு நொடி. சிப்பாங்கில் எடுத்த பதிவு முழுக்க வேறு: 6,000க்குக் கீழே எஞ்சின் இறங்கவே இல்லை, இருபது நிமிடம் ஓயாமல் ஓடியது. ஒரே கார், ஒரே ஆள், ஆனால் இரண்டு வேறு எஞ்சின்கள் தேவைப்படுகின்றன.

வால்வுகளைத் திறக்கும் தண்டின் மேடுகளுக்குப் பெயர் கேம், சின்ன கேமிலிருந்து பெரிய கேமுக்கு மாற்றும் ஹோண்டா ஏற்பாட்டுக்குப் பெயர் விடெக். கே20ஏவில் விடெக் ஐயாயிரத்துச் சொச்சத்தில்தான் பெரிய கேமுக்கு மாறும். அதற்குக் கீழே அது சாதுவான 2 லிட்டர் கார். தெருவில் உங்களுக்குக் குறைபடுவது அந்தச் சாதுவான பகுதி என்றால் என்ஏவுக்குப் பெரிய கேம் போடுவது தலைகீழான வைத்தியம். மேலே ஏறும், கீழே இன்னும் மெலியும்.

மலைப்பாதைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கெந்திங் மலை உச்சி கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்று ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெலிந்துவிடும், என்ஏ எஞ்சின் அந்த ஆறில் ஒரு பங்கை அப்படியே இழக்கும். சூப்பர்சார்ஜரும் இழக்கும், ஆனால் கையில் உபரி இருப்பதால் அவ்வளவாக வலிக்காது.

படி 3: என்ஏ பாதை, வரிசையாக

முதலில் ஹெடர் (எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் முதல் குழாய்கள்), எக்ஸாஸ்ட், டியூன் (எஞ்சினை ஆளும் கணினியான இசியுவின் அமைப்புகளைச் சரிசெய்வது). இந்த மூன்றும் ஒன்றாகப் போக வேண்டும். நான்கு குழாய் இரண்டாகி ஒன்றாகும் 4-2-1 ஹெடர் நடு ஆர்பிஎம்மைத் தூக்கும். நான்கும் நேராக ஒன்றாகும் 4-1 உச்சத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தரும். தெருவும் டிராக்கும் கலந்து ஓட்டுபவருக்கு 4-2-1 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பழைய டிசி5 இன்டெக்ரா கே20ஏ வைத்திருப்பவர்கள் எஃப்டி2 காரின் ஆர்ஆர்சி இன்டேக் மேனிஃபோல்டைப் பொருத்துவது தெரிந்த வழி. ஹோண்டா பாகம் என்பதால் பொருத்தமும் நன்றாக இருக்கும்.

பலர் இங்கேயே நிறுத்தலாம், நிறுத்தவும் வேண்டும். ஒரு நல்ல டியூனர் விடெக் மாறும் இடத்தையும் கேம் கோணத்தையும் சரியாகப் பிடித்துவிட்டால், நடுவில் இருக்கும் பள்ளம் நிரம்பி, கார் வேறு கார் மாதிரி ஓடும். உச்ச எண் பெரிதாக ஏறியிருக்காது, ஆனால் வளைவிலிருந்து வெளியே வரும்போது கால் சொல்வதை எஞ்சின் கேட்கும்.

அடுத்தது கேம், வால்வு ஸ்பிரிங், உயர் கம்பிரஷன் பிஸ்டன். எஃப்டி2 எஞ்சினின் கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் விகிதம், ஏற்கெனவே 11.7க்கு 1. இன்னும் ஏற்றினால் நல்ல பெட்ரோல் கட்டாயமாகிவிடும். பெரிய கேம் போடும்போது வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே உள்ள இடத்தைக் களிமண் வைத்து அளக்காமல் எஞ்சினை மூடவே கூடாது. பிஸ்டன் தலையில் மாடலிங் களிமண்ணை ஒட்டி, ஹெட்டை முறையாக முறுக்கிப் பூட்டி, கையால் எஞ்சினை இரண்டு சுற்றுச் சுற்றி, மறுபடி கழற்றி, வால்வு பதிந்த இடத்தில் களிமண் எவ்வளவு மெல்லியதாகிவிட்டது என்று வெட்டி அளப்பார்கள். அரை நாள் வேலை. "எல்லாக் காருக்கும் இந்த கேம் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி இதைத் தவிர்க்கும் பட்டறையில் எஞ்சினை விட்டுவிட்டு வராதீர்கள்.

பெரிதாக்கும் வழி

என்ஏவா, திணிப்பதா என்ற இந்த வழக்கு மிகப் பழையது. 1929ஆம் ஆண்டு வாக்கில் டிம் பர்கின் என்ற பந்தய வீரர் பென்ட்லியின் நாலரை லிட்டர் காரில் சூப்பர்சார்ஜர் பொருத்த வைத்தார். நிறுவனத்தைத் தொடங்கிய டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கு அது பிடிக்கவே இல்லை. வேகம் வேண்டுமானால் எஞ்சினைப் பெரிதாக்கு என்பது அவர் கட்சி. 1930 லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் சூப்பர்சார்ஜர் பென்ட்லிகள் முடிவுக்கோட்டை எட்டவில்லை. ஆறரை லிட்டர் ஸ்பீட் சிக்ஸ் கார்கள் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தன.

கே வரிசையில் பென்ட்லி சொன்ன வழிக்குப் பெயர் கே24. கே24 பிளாக்கின் மேல் கே20ஏ ஹெட்டை வைத்தால் 2,354 சிசி கிடைக்கும். கீழ், நடு ஆர்பிஎம்மில் இழுவை கூடும், காற்றும் சூடாவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த கலவை இது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கே20ஏ பிஸ்டன் ஓடும் தூரம் 86 மில்லிமீட்டர், கே24இல் 99. கே20ஏவின் சிவப்புக் கோடான 8,400இல் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 24 மீட்டர். கே24 அதே வேகத்தை 7,300லேயே தொட்டுவிடும். பழைய பழக்கத்தில் 8,400 வரை மிதித்தால் அது 27.7 மீட்டர் ஆகிவிடும். கனெக்டிங் ராடும் போல்ட்டும் அதற்கென்று மாற்றப்படவில்லை என்றால் பிளாக்கில் ஓட்டை விழும்.

இன்னொன்று, மலேசியாவில் சாலை வரி எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்தது. கே24 என்றால் வரி ஏறும். எஞ்சின் மாற்றத்தை ஜேபிஜேவில், அதாவது சாலைப் போக்குவரத்துத் துறையில், பதிவுசெய்ய வேண்டும், எஞ்சின் எண் பொருந்த வேண்டும். சூப்பர்சார்ஜர் கொள்ளளவை மாற்றாது, ஆனால் அதற்கும் அனுமதி தேவையா என்று ஜேபிஜேவிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். விபத்துக்குப் பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

படி 4: சூப்பர்சார்ஜர் பாதை, வெப்பத்தோடு

சூப்பர்சார்ஜர் கிராங்க் புல்லியிலிருந்து பெல்ட் மூலம் சுற்றும். டர்போ எக்ஸாஸ்ட் காற்றால் சுற்றும், அது வேறு கதை. கே20ஏவுக்குப் பொதுவாக இரண்டு வகை பொருத்துவார்கள்.

ரூட்ஸ் வகை, உதாரணமாக ஈட்டன் எம்62, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே அளவு காற்றைத் தள்ளும். 3,000 ஆர்பிஎம்மிலேயே பூஸ்ட், அதாவது திணிக்கும் கூடுதல் அழுத்தம், கையில் இருக்கும். தெரு ஓட்டத்துக்கு இதுபோல இனிமை வேறில்லை. ஆனால் காற்றை அதிகம் சூடாக்கும் வகை இது.

சென்ட்ரிஃபியூகல் வகை, உதாரணமாக ராட்ரெக்ஸ், டர்போவின் பாதி மாதிரி ஒரு சக்கரம். உள்ளே பற்கள் இல்லாமல் உராய்வால் சுற்றும் உருளைகள் அதை நிமிடத்துக்கு ஒரு லட்சத்தை ஒட்டிச் சுற்ற வைக்கும். இதன் பூஸ்ட் ஆர்பிஎம்மின் வர்க்கத்தைப் போல ஏறும். 8,000இல் 0.5 பார் தரும் அமைப்பு 4,000இல் அதில் கால்வாசி, அதாவது 0.125 பார்தான் தரும். இரண்டு பிஎஸ்ஐகூட இல்லை. எனவே இது கே20ஏவின் குணத்தை மாற்றாது. என்ஏ எஞ்சினின் அதே வளைகோட்டை மேலே போகப் போகத் தூக்கிப் பிடிக்கும். அந்தக் குணம் பிடித்தவர்களுக்கு இது வரப்பிரசாதம். கீழே இழுவை வேண்டும் என்று வாங்கியவர்களுக்கு ஏமாற்றம்.

இப்போது வெப்பம். 0.5 பார் பூஸ்ட் என்றால் காற்றழுத்தம் ஒன்றரை மடங்கு, ஆகவே ஒன்றரை மடங்கு காற்று என்று புதியவர்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை. அழுத்தினால் காற்று சூடாகும், சூடானால் விரியும். வெளியே 30 டிகிரி இருந்தால், 60 சதவீதத் திறனுள்ள சூப்பர்சார்ஜர் அதைச் சுமார் 92 டிகிரிக்குக் கொண்டுபோய்விடும். அந்தச் சூட்டில் சிலிண்டருக்குள் போகும் காற்று 25 சதவீதம்தான் கூடியிருக்கும். பாதிப் பலன் வெப்பத்தோடு போய்விட்டது. இன்டர்கூலர் வைத்து 45 டிகிரிக்கு இறக்கினால் கூடுதல் காற்று 43 சதவீதம் ஆகும். நம் வெயிலில் இன்டர்கூலர் இல்லாத கிட்டை வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி.

காற்றைச் சூடாக்கும் அந்த வேலைக்கான சக்தியும் கிராங்கிலிருந்துதான் போகிறது. மேலே சொன்ன கணக்கில் அது சுமார் 19 குதிரைத்திறனைச் சாப்பிடும், பெல்ட், பேரிங் உராய்வு தனி. 225ஐ 1.43ஆல் பெருக்கினால் 322 வரும். பெல்ட்டுக்கும், பாதுகாப்புக்காகப் பின்னால் தள்ளும் இக்னிஷனுக்கும் (பிளக் பொறி போடும் நேரத்துக்கும்) கழித்தால் 300 பக்கம் வந்து நிற்கும். அதே 300க்கு என்ஏவில் 10,700 ஆர்பிஎம் கேட்டோம், நினைவிருக்கிறதா? இங்கே 8,000லேயே கிடைக்கிறது, பிஸ்டன் வேகமும் பழையபடிதான். அதனால்தான் சூப்பர்சார்ஜரை வெறும் குறுக்குவழி என்று ஒதுக்குவதை நான் ஏற்பதில்லை. ஆர்பிஎம்மை ஏற்றாமல் சக்தி எடுப்பது எஞ்சினின் சுழலும் பாகங்களுக்கு ஒருவகையில் கருணைதான். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது.

அந்த ஆபத்தின் பெயர் நாக். 11.7 கம்பிரஷன் உள்ள சிலிண்டருக்குள் சூடான, அடர்ந்த காற்றை அடைத்தால், பிளக் பொறி போடும் தீ பரவி முடிவதற்குள் மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்கும். இரும்பில் கூழாங்கல்லை எறிந்த மாதிரி சத்தம் வரும். பூஸ்ட்டில், முழு ஓட்டத்தில், எக்ஸாஸ்ட் சத்தத்துக்கு நடுவே அது காதில் விழவே விழாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் முதல் கிட்டைப் பொருத்திய பட்டறையில், காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரை அது இருந்த இடத்திலேயே, ஏர் ஃபில்டருக்கு அடுத்த குழாயிலேயே விட்டுவிட்டார்கள். சூப்பர்சார்ஜர் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆகவே இசியுவுக்குத் தெரிந்தது வெளிக்காற்றின் சூடு மட்டும். சிப்பாங்கில் நான்காவது சுற்றிலும் லேப்டாப் பதிவு 38 டிகிரி என்றே காட்டிக்கொண்டிருந்தது. இசியு நிம்மதியாக இக்னிஷனை முன்னால் வைத்திருந்தது. ஏழாவது சுற்றில் எண்ணெய் மூடியருகே நீலப் புகை. திறந்து பார்த்தபோது மூன்றாம் பிஸ்டனில் இரண்டு ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் வரப்பு உடைந்து துண்டாகக் கிடந்தது. எஞ்சினைத் திரும்பக் கட்டி, சென்சாரை இன்டேக் மேனிஃபோல்டுக்கு மாற்றி, அதே டிராக்கில் ஓட்டியபோது பதிவு 84 டிகிரி காட்டியது. அந்த 46 டிகிரி வித்தியாசம்தான் ஒரு எஞ்சினைத் தின்றது. உங்கள் காரில் அந்தச் சென்சார் எங்கே இருக்கிறது என்று காரை எடுப்பதற்கு முன் விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

படி 5: பெட்ரோல், இன்ஜெக்டர், டியூன்

என்ஏ எஞ்சின் 8,000இல் இழுக்கும் 9.3 கிலோ காற்றுக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒரு லிட்டர் பெட்ரோல் வேண்டும். ஒரு இன்ஜெக்டருக்கு 245 சிசி. முந்நூறு சிசியை ஒட்டிய தொழிற்சாலை இன்ஜெக்டரே போதும். சூப்பர்சார்ஜரில் காற்று 43 சதவீதம் கூடுகிறது, வெப்பத்தைத் தணிக்கக் கலவையையும் கொஞ்சம் செறிவாக்குகிறோம். ஒரு இன்ஜெக்டருக்கு 380 சிசி வரை போய்விடும். இன்ஜெக்டரை 85 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால் 450க்குக் குறைந்த எதையும் யோசிக்க வேண்டாம், 550 வைத்தால் மூச்சுவிட இடம் இருக்கும். பம்ப்பும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். பிளக் ஒருபடி குளிர்ந்த வகையாக இருக்கட்டும்.

பெட்ரோலின் ஆக்டேன் எண் ரோன் 97க்குக் குறையவே கூடாது, ரோன் 100 கிடைத்தால் அதற்கென்றே தனி மேப், அதாவது இசியுவில் தனி அமைப்பு, வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவசரத்துக்கு 95 அடிக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்று டியூனரிடம் கேளுங்கள். "அடிக்காதீங்க" என்பது பதில் அல்ல. பூஸ்ட்டைக் குறைக்கும் அல்லது ஆர்பிஎம்மைக் கட்டுப்படுத்தும் ஒரு மேப் இருக்க வேண்டும்.

ஹோண்டேட்டா போன்ற இசியு கருவியில் அனுபவமுள்ள டியூனரைத்தான் முதலில் தேட வேண்டும், பிறகுதான் பாகங்களை. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பாகத்தில் மிச்சம் பிடியுங்கள், டியூனில் பிடிக்காதீர்கள். எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோவில் முன்னும் பின்னும் ஒரே கருவியில், ஒரே கியரில், மின்விசிறி ஓடும்போது எடுங்கள். வேறு ஊர் டைனோ எண்ணோடு ஒப்பிட்டுச் சண்டை போட வேண்டாம். உச்ச எண்ணைவிட 4,000 முதல் 8,000 வரை உள்ள வளைகோட்டைப் பாருங்கள், அதுதான் நீங்கள் ஓட்டப் போவது. அடுத்தடுத்து ஐந்து ஓட்டம் எடுக்கச் சொல்லுங்கள். முதல் ஓட்டத்துக்கும் ஐந்தாவதுக்கும் எவ்வளவு குறைகிறது என்பதில் சூப்பர்சார்ஜரின் உண்மை இருக்கிறது. என்ஏ எஞ்சினில் அந்த ஐந்து கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடக்கும்.

அப்படியானால் எதை எடுப்பது?

என் தீர்ப்பைக் கேட்டால் இதுதான். மாதம் ஒருமுறையாவது சிப்பாங் போய் முழு நேரமும் மிதிப்பவர் என்றால் என்ஏ. 5.543 கிலோமீட்டர், 15 வளைவு, இரண்டு நீண்ட நேர்ப்பாதை உள்ள அந்த டிராக்கில் இருபது நிமிடம் ஓடியும் முதல் சுற்றுப்போலவே கடைசிச் சுற்றும் இழுக்கும் எஞ்சினுக்கு விலை சொல்ல முடியாது. கே24 பிளாக் அதற்கு இன்னும் நல்லது. பெரும்பாலும் தெரு, நெடுஞ்சாலை, மலை, ஆண்டுக்கு ஓரிருமுறை டிராக் என்றால் இன்டர்கூலரோடு குறைந்த பூஸ்ட் சூப்பர்சார்ஜர். 0.4, 0.5 பாரில் நிறுத்திவிடுங்கள். சின்ன புல்லி போட்டு இன்னும் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால், பிஸ்டனும் ராடும் மாற்றிய பிறகு பேசுவோம் என்று சொல்லுங்கள்.

நான் இன்று ஓட்டுவது என்ஏ. மூன்றாம் பிஸ்டன் உடைந்ததால் எடுத்த முடிவு அல்ல அது. சரிசெய்த பிறகும் ஓராண்டு சூப்பர்சார்ஜரோடு ஓட்டினேன், தெருவில் அது தந்த மகிழ்ச்சி பெரிது. பதிவைத் திரும்பப் பார்த்தபோது நான் மிதிப்பதெல்லாம் டிராக்கில் என்று ஆகியிருந்தது, அதனால் மாற்றினேன்.

எந்தப் பாதையானாலும் ஆயில் கூலர், நல்ல பிரேக் பேட், புதிய பிரேக் ஆயில், வளைவில் எண்ணெய் ஒதுங்காமல் இருக்கத் தடுப்பு வைத்த சம்ப் (எஞ்சின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) ஆகியவற்றுக்கான பணத்தை முதலில் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். நேர்ப்பாதையின் முடிவில் முன்பைவிட வேகமாக வந்து சேர்வீர்கள், நிற்கவும் வேண்டும். சூப்பர்சார்ஜர் போட்டால் கிளட்ச்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: முதல் டிராக் நாள்

முதல் ஓட்டம் ஐந்து சுற்றுக்கு மேல் வேண்டாம். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி எஞ்சினை ஆறவிட்டு, பிறகு உள்ளே வந்து நிறுத்துங்கள். பானெட்டைத் திறந்து சூப்பர்சார்ஜர் புல்லியைச் சுற்றிப் பாருங்கள். கறுப்பு ரப்பர்த் தூள் படிந்திருந்தால் பெல்ட் வழுக்குகிறது. இறுக்கத்தைச் சரிசெய்யாமல் அடுத்த ஓட்டம் போகாதீர்கள். ராட்ரெக்ஸ் என்றால் அதற்கெனத் தனியாக இருக்கும் எண்ணெயின் அளவையும் பாருங்கள். எஞ்சின் எண்ணெயை அதில் ஊற்றவே கூடாது. பதிவை எடுத்து, காற்றின் வெப்பம் சுற்றுக்குச் சுற்று ஏறிக்கொண்டே போகிறதா, ஓரிடத்தில் நின்றதா என்று பாருங்கள். ஏறிக்கொண்டே போனால் இன்டர்கூலர் போதவில்லை, அன்றைக்குச் சுற்றுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் ஆறியதும் ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். என்ஏவோ சூப்பர்சார்ஜரோ, இதை மட்டும் விடாதீர்கள். சாதாரண பூதக்கண்ணாடியும் கைபேசி விளக்கும் போதும். வெள்ளைப் பீங்கான் சுத்தமாக, அடியில் லேசான பழுப்போடு இருந்தால் நல்லது. மிளகுத் தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தெரிந்தால் நாக் தொடங்கிவிட்டது, டியூனரைக் கூப்பிட்டு இக்னிஷனைப் பின்னால் தள்ளச் சொல்லுங்கள். பீங்கானில் சின்னச் சின்ன வெள்ளி மினுக்கு தெரிந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். சாவியைத் தொடாதீர்கள். இழுவை வண்டியைக் கூப்பிட்டு, காரை அதில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.